நான்மடிய நெல்லில் பதர்: மகரந்தம் எந்தக் கட்டத்தில் கெடுகிறது என்று கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

நான்மடிய நெல் என்பது குரோமோசோம் வகைக்கு இரண்டுக்குப் பதில் நான்காக இரட்டிக்கப்பட்ட நெல். அதன் கதிரைப் பார்த்தவுடன் மனம் மகிழும். தண்டு தடிப்பு, இலை அகலம், நெல் பெரிது, நுனியில் நீளமான மீசை. இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். பெரும்பாலான வகைகளில் பாதிக்கு மேல் பதர். மீதியிலும் சில கருக்காய், அதாவது அரைகுறையாக நிரம்பிய மணி.

இந்தப் பதரை எண்ணிச் சதவீதம் போட்டுவிட்டு, 'மலட்டுத்தன்மை உள்ளது' என்று குறிப்பேட்டில் எழுதி மூடிவிடுகிறார்கள். அது எந்தப் பயனும் தராது. பதர் கடைசியாகத் தெரியும் அடையாளம் மட்டுமே. பழுது அதற்கு ஏறத்தாழ 40 நாள் முன்பே, கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கும்போதே நடந்து முடிந்திருக்கலாம். பூக்கும் நாளில் நடந்திருக்கலாம், பால் பிடித்த பிறகும் நடந்திருக்கலாம். எந்தக் கட்டம் என்று தெரிந்தால்தான் எந்தச் செடியை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க முடியும். கடலூர், சிதம்பரம், பாகூர் பக்கம் நெல்லில் குரோமோசோம் இரட்டிப்பு செய்யும் மாணவர்களுக்கும் பயிர்ப்பெருக்க ஆய்வாளர்களுக்கும் அந்தத் தேடலைப் படிப்படியாகச் சொல்வதே இந்த வழிகாட்டி.

நான்கு பிரதியின் சிக்கல்

சாதாரண நெல்லில் 12 வகைக் குரோமோசோம், வகைக்கு இரண்டு, ஆக 24. மகரந்தத் தாய்ச் செல், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் மியோசிஸ் என்ற செல் பிரிவுக்குள் போகும்போது ஒவ்வொன்றும் தன் துணையோடு சேர்ந்து 12 இரட்டைகள் ஆகும். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிரியும். குழப்பத்துக்கே இடமில்லை.

நான்மடியத்தில் வகைக்கு நான்கு, மொத்தம் 48. நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்தவை. அதனால் ஒன்று ஒரு முனையில் ஒரு துணையையும் மறுமுனையில் இன்னொரு துணையையும் பிடித்துக்கொள்ளும். நான்கும் கோர்த்தால் நாற்கூட்டு. ஆய்வகத்தில் இதைக் குவாட்ரிவேலன்ட் என்பார்கள். மூன்று சேர்ந்தால் முக்கூட்டு, விடுபட்டது ஒற்றை. நாற்கூட்டு எல்லாமே கெடுதல் இல்லை. வளையமாகக் கோர்த்து இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தால் நல்ல மகரந்தமே வரும். முக்கூட்டும் ஒற்றையும்தான் பெரிய தொல்லை. ஒற்றைக்கு இழுத்துப் பிடிக்கத் துணை இல்லாததால் அது நடுவரிசைக்கு வராமல் ஓரத்தில் கிடக்கும், அல்லது எல்லோரும் போனபின் பின்தங்கி நிற்கும். முடிவில் 24-24 என்று பிரிய வேண்டியது 23-25 என்றோ 22-26 என்றோ போகிறது.

பன்மடியம் என்றாலே மலடு என்று எண்ண வேண்டாம். பிச்சாவரம் போன்ற உவர்க்கழிகளில் வளரும் ஒரைசா கோர்க்டேட்டா என்ற காட்டு நெல்லுக்கும் 48 குரோமோசோம்தான். ஆனால் அது இரண்டு வேறு மூதாதையரின் தொகுதிகள் சேர்ந்த அயல்நான்மடியம். ஒவ்வொரு தொகுதியும் தனக்குள்ளேயே ஜோடி சேர்ந்துகொள்ளும். கோதுமையும் அமெரிக்கப் பருத்தியும் இப்படி வேறு மூதாதையரின் தொகுதிகள் சேர்ந்த பன்மடியங்கள்தான். நாம் குரோமோசோமை இரட்டிக்கும் கோல்கிசின் என்ற மருந்து வைத்து உண்டாக்குவது தன்நான்மடியம். ஒரே வகை நெல்லின் தொகுதியே நான்கு முறை இருக்கும். சிக்கலின் வேர் அங்கேதான்.

பட்டமும் பாத்தியும்

நான்மடியத்தின் மகரந்தம் ஏற்கெனவே தள்ளாடுகிறது. அதன்மேல் வெயிலும் மழையும் சேர்ந்தால் எது எதனால் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இந்த வேலைக்கு நம் பகுதியில் நவரைப் பட்டமே ஏற்றது. ஆடுதுறை 43, கோ 51 போன்ற சுமார் 110 நாள் வகையை டிசம்பர் கடைசியில் விதைத்தால் மார்ச் நடுவில் பூக்கும். அப்போது கடற்காற்று இருக்கும்; மழை அரிது. சொர்ணவாரியில் விதைத்தால் கடும் வெயிலில் பூக்கும். சம்பாவில் நீண்ட வயதுள்ள வகைகள் வடகிழக்குப் பருவமழையில், சில ஆண்டுகளில் புயலிலேயே பூக்க நேரும். சாகுபடிக்கு அது பரவாயில்லை, சோதனைக்கு உதவாது.

கட்டாயமாகச் செய்ய வேண்டியது ஒன்று: அதே வகையின் இருமடியத் தாயை (இரட்டிக்காத சாதாரண நெல்லை) பக்கத்துப் பாத்தியில் வைக்க வேண்டும். நான்மடியம் பொதுவாகச் சில நாள் தாமதமாகப் பூக்கும். அதனால் தாயை ஒரே நாளில் விதைக்காமல், நான்மடியத்துடன் ஒரு பகுதி, 7 நாள் கழித்து ஒரு பகுதி, 14 நாள் கழித்து ஒரு பகுதி என மூன்று தவணையாக விடுங்கள். ஏதாவது ஒரு தவணை நான்மடியத்தோடு ஒரே நாளில் பூக்கும். தாயிலும் அன்று மணி பிடிக்கவில்லை என்றால் குற்றம் வானிலையுடையது அல்லது மண்ணுடையது. தாயில் பிடித்து நான்மடியத்தில் மட்டும் பிடிக்கவில்லை என்றால்தான் குரோமோசோமைச் சந்தேகிக்க வேண்டும். இந்தத் துணைப் பாத்தி இல்லாமல் செய்த சோதனையை நம்ப வேண்டாம்.

வரிசைக்கு வரிசை 25, குத்துக்குக் குத்து 20 சென்டிமீட்டர், குத்துக்கு ஒரே நாற்று. ஒவ்வொரு செடிக்கும் தனி எண் அட்டை. ஒரு செடியின் எண் மாறினால் பருவமே வீண்.

இரட்டிப்பும் உறுதிப்படுத்தலும்

கோல்கிசின் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே நஞ்சுதான். கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் இறந்தவர்களையும் தெரியும். கிழங்கை அரைத்துச் சாறு எடுத்து முயல்வது கூடவே கூடாது. அளவு தெரியாது, ஆபத்து மட்டும் நிச்சயம். ஆய்வகத் தூளை கையுறை, முகக்கவசம் போட்டு எடையிடுங்கள். கழிவு நீரையும் முதல் அலசல் நீரையும் வாய்க்காலில் விடாமல் ரசாயனக் கழிவுக் கலனில் சேர்க்க வேண்டும்.

விதையை ஒரு நாள் ஊறவைத்து, முளை 2 முதல் 3 மில்லிமீட்டர் வந்ததும் கரைசலில் இடுங்கள். 100 மில்லி நீருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் கோல்கிசின், மருந்து திசுவுக்குள் ஊடுருவ உதவும் டிஎம்எஸ்ஓ கரைப்பான் 2 மில்லி. இருட்டில், 25 முதல் 28 டிகிரியில், 24 மணி நேரம். வகைக்கு வகை தாங்கும் திறன் மாறுவதால் இரண்டு மூன்று அளவில் தலா 100 முளை வைத்துப் பாருங்கள். நிறைய சாகும், பிழைத்ததிலும் சிலவே நான்மடியமாகும்.

உறுதிப்படுத்தும்போது பலர் சறுக்குவது இங்கே. இலைத்துளையின் நீளத்தை நகப்பூச்சு அச்செடுத்து அளப்பார்கள். நீளமாக இருந்தால் நான்மடியம் என்று முடிவு கட்டுவார்கள். இலைத்துளை மேல்தோல் அடுக்கைச் சேர்ந்தது. மகரந்தம் அதற்கு அடியிலுள்ள அடுக்கிலிருந்து வருகிறது. மருந்து ஒரு அடுக்கை மட்டும் இரட்டித்து மற்றதை விட்டிருக்கலாம். அந்தச் செடி பார்வைக்கு நான்மடியமாகவும் விதையில் இருமடியமாகவும் இருக்கும். ஒரே செடியில் ஒரு தூர் அப்படியும் இன்னொன்று இப்படியும் இருப்பதுண்டு. எனவே முதல் தலைமுறையில் கதிர் கதிராகத் தனித்தனியே அறுவடை செய்யுங்கள். அடுத்த தலைமுறையின் வேர் நுனியை 0.002 மோலார் 8-ஹைட்ராக்ஸிகுயினோலினில் மூன்று நான்கு மணி நேரம் வைத்து, நிலைநிறுத்திச் சாயமேற்றி 48 எண்ணிப் பாருங்கள். 47 அல்லது 49 வந்தால் அந்தச் செடி மியோசிஸில் ஏற்கெனவே இடறிய மகரந்தத்தின் அல்லது சூலின் பிள்ளை. பார்க்க நன்றாக இருந்தாலும் கழித்துவிடுங்கள்.

தொண்டைக்கதிரில் பூ எடுத்தல்

மியோசிஸ் நடப்பது கதிர் வெளிவருவதற்குச் சுமார் 10 முதல் 12 நாள் முன்பு, கதிர் உறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தில். வெளியிலிருந்து அடையாளம் காணக் கதிருக்கு நேர் கீழுள்ள கடைசி இலையான கண்ணாடி இலையைப் பாருங்கள். அதன் கழுத்து, கீழ் இலையின் கழுத்தை இன்னும் எட்டாமல் சில சென்டிமீட்டர் உள்ளே இருக்கும்போது தேடத் தொடங்கலாம். சரியான இடைவெளி வகைக்கு வகை மாறும். நான்மடியத்தில் தாயின் கணக்கை அப்படியே போடக்கூடாது. முதலில் நான்கைந்து தண்டை வெவ்வேறு இடைவெளியில் அறுத்து, எந்த இடைவெளியில் எந்தக் கட்டம் என்று உங்கள் வகைக்கே ஒரு அட்டவணை போட்டுக்கொள்வது நல்லது.

கதிரை உறையிலிருந்து பிரித்தால் நுனிப் பூக்கள் முந்தியும் அடிப் பூக்கள் பிந்தியும் இருக்கும். அதனால் ஒரே கதிரில் எல்லாக் கட்டமும் கிடைக்க வாய்ப்புண்டு. பூவின் நீளம் முழு நெல்லின் நீளத்தில் ஏறத்தாழ பாதி இருப்பதை எடுங்கள். உள்ளே மகரந்தப் பை வெண்பச்சையாக, கண்ணாடி போல ஊடுருவித் தெரிய வேண்டும். மஞ்சள் தட்டியிருந்தால் நேரம் கடந்துவிட்டது.

காலை வெயில் ஏறும் முன் எடுத்து, வயலிலேயே நிலைநிறுத்தும் திரவத்தில் போடுங்கள்: எத்தில் ஆல்கஹால் 3 பங்கு, அடர் அசிட்டிக் அமிலம் 1 பங்கு, அன்றன்றைக்குக் கலந்தது. முதல் நாள் கலந்து வைத்த திரவத்தால்தான் பாதி ஸ்லைடுகள் மங்கலாகின்றன. 24 மணி நேரம் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மேசை மேலேயே விட்டுவிட்டால் நம் ஊர்ச் சூட்டில் திசு இறுகிப்போகும்.

சாயம்: 45 மில்லி அசிட்டிக் அமிலமும் 55 மில்லி நீரும் கலந்து, அதில் 1 கிராம் கார்மின் போட்டு, புகைபோக்கிக் கூண்டுக்குள் மெல்லக் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்டிய அசிட்டோகார்மின். ஸ்லைடில் ஒரு சொட்டு வைத்து, ஒன்றோ இரண்டோ பையை மட்டும் போட்டு, குறுக்கே வெட்டி, துருப்பிடித்த ஊசியால் மெல்லத் தட்டுங்கள். துருவிலிருந்து வரும் இரும்புதான் சாயத்தைக் கருக்க வைக்கிறது. செல்கள் பாலாக வெளியே வந்ததும் பையின் தோலை ஒன்று விடாமல் எடுத்துவிட வேண்டும். ஒரு துண்டு தோல் தங்கினாலும் மூடுகண்ணாடி சாய்ந்து நிற்கும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் குரோமோசோம் விரியாது. ஸ்பிரிட் விளக்கின் மேல் இரண்டு முறை காட்டி, ஒற்றுத்தாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல் உருண்டுவிடும்.

முதல் சில ஸ்லைடுகளைத் தாயிலேயே போடுங்கள். 12 இரட்டைகளைத் தெளிவாக எண்ணக் கை வந்த பிறகே நான்மடியத்தைத் தொட வேண்டும்.

நுண்ணோக்கியில் என்ன தேடுவது

மியோசிஸின் முதல் பிரிவில், குரோமோசோம்கள் சுருங்கித் தெளியும் டயாகைனசிஸும் அவை நடுவரிசையில் நிற்கும் மெட்டாபேஸ் ஒன்றும்தான் கணக்கெடுக்க ஏற்றவை. 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் ஒவ்வொரு கூட்டையும் வகை பிரித்து எழுதி, கூட்டுத்தொகை 48 வருகிறதா என்று சரிபாருங்கள். உதாரணமாக 7 நாற்கூட்டு (28), 1 முக்கூட்டு (3), 8 இரட்டை (16), 1 ஒற்றை (1): மொத்தம் 48. கூட்டுத்தொகை வராத செல்லை ஊகத்தில் நிரப்பாமல் விட்டுவிடுங்கள். செடிக்கு 25 முதல் 30 நல்ல செல் கிடைத்தால் சராசரி நிலைக்கும். நாற்கூட்டும் இரட்டையும் நிறைய, முக்கூட்டும் ஒற்றையும் அரிது என்றால் அந்தச் செடிக்கு எதிர்காலம் உண்டு.

மெட்டாபேஸைப் பக்கவாட்டில் பார்த்தால் குரோமோசோம்கள் நாற்றங்காலில் வரப்பை ஒட்டிய நாற்று போல ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மோசமான செடியில் கோட்டுக்கு வெளியே, துருவத்துப் பக்கமாக, ஒன்றிரண்டு சிறு கரும்புள்ளி தனியே கிடக்கும். அவைதான் ஒற்றைகள். பிரியும் கட்டமான அனாபேஸில் இரு கூட்டமும் விலகிப் போயிருக்க, நடுவெளியில் தங்கிவிட்ட துண்டுகளைக் காணலாம். சில செல்லில் இரு கூட்டத்துக்கும் இடையே மெல்லிய நூல் போலப் பாலம் இழுபட்டு நிற்கும். சில நேரம் குரோமோசோமை இழுக்கும் கதிர்கோல் இரண்டு துருவத்துக்குப் பதில் மூன்று துருவமாகப் பிரிந்திருக்கும். அந்தக் கோலை ஆக்கும் நுண்குழல்கள் ஒழுங்காக அமையாததன் விளைவு அது. ஒரே பையில் ஒரு செல் மெட்டாபேஸிலும் பக்கத்துச் செல் நான்காகப் பிரிந்த டெட்ராட் கட்டத்திலும் இருந்தால் அதையும் குறியுங்கள். ஆரோக்கியமான பையில் செல்கள் பெரும்பாலும் சேர்ந்தே நகரும்.

நெல்லில் முதல் பிரிவு முடிந்ததும் நடுவே சுவர் விழுந்து இரட்டைச் செல் ஆகும்; இரண்டாம் பிரிவில் நான்காகி டெட்ராட் ஆகும். மெட்டாபேஸ் எண்ண நேரமோ பழக்கமோ இல்லாதவர்கள் இந்த டெட்ராடை மட்டும் எண்ணினாலும் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும். செடிக்கு 200 டெட்ராட். நான்கு சம அளவுச் செல்லும் ஒவ்வொன்றிலும் ஒரே உட்கருவும் இருந்தால் சரி. உட்கருவின் பக்கத்தில் கடுகு போலச் சிறு உட்கரு தெரிந்தால் அது வழியில் தங்கிய குரோமோசோம். மூன்று செல், ஐந்து செல், அளவு ஏறுமாறான செல் எல்லாம் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். பல செடிகளை ஒரே பருவத்தில் சலிக்க வேண்டியிருந்தால் இந்தக் கணக்கே போதும் என்பது எங்கள் கருத்து. நல்லதாகத் தேறிய செடிகளுக்கு மட்டும் மெட்டாபேஸ் எண்ணலாம்.

டெட்ராடுக்குப் பிறகு

டெட்ராட் நன்றாக இருந்தும் மகரந்தம் கெடுவது உண்டு. அப்போது சந்தேகிக்க வேண்டியது டபீட்டம், அதாவது மகரந்தத்துக்குச் சோறூட்டும் உள்ளடுக்கு. அது டெட்ராட் காலத்தையொட்டித் தானே சிதையத் தொடங்கி, தன் சத்தை இளம் மகரந்தத்துக்குக் கொடுத்துவிட்டு மறைய வேண்டும். நான்மடியத்தில் சில சமயம் அது கரையாமல் தடித்தே நிற்கும், அல்லது முந்தியே கரைந்துவிடும். இரண்டிலும் மகரந்தம் பட்டினி. டெட்ராடைச் சுற்றியுள்ள கேலோஸ் என்ற தற்காலிக உறை ஒழுங்காகப் படியாவிட்டாலும் உரிய நேரத்தில் கரையாவிட்டாலும் மகரந்தச் சுவர் கோணும். இவற்றை நிச்சயமாகப் பார்க்கப் பிசினில் பதித்து மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். கேலோஸுக்கு அனிலின் நீலமும் ஒளிர் நுண்ணோக்கியும் வேண்டும்.

அந்த வசதி இல்லாதவர்களுக்கு ஒரு குறிப்பு. பூக்கும் தறுவாயில் பையைத் திறந்தால், ஒரே அறையில் உருண்ட நல்ல மகரந்தமும் சுருங்கிய மகரந்தமும் கலந்து கிடந்தால், பழுது ஒவ்வொரு மகரந்தத்தின் குரோமோசோமிலும் இருக்க வாய்ப்பு அதிகம். பையே வெளுத்து மெலிந்து, உள்ளே அத்தனையும் ஒரே மாதிரி சுருங்கியிருந்தால் தாய்த் திசுவை, குறிப்பாக டபீட்டத்தை, பாருங்கள். இது தீர்ப்பு இல்லை, அடுத்து எங்கே தோண்டுவது என்று காட்டும் விரல்.

அயோடின் சோதனை எல்லோரும் செய்வது, அதிகம் தவறாகப் படிப்பதும் அதுதான். 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் சிறிது நீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடின் கரைத்து, பிறகே 100 மில்லியாக்குங்கள். வரிசை மாறினால் அயோடின் கரையாது. மறுநாள் திறக்கப்போகும் பூவை எடுங்கள். மேல், நடு, அடி என மூன்று பூ, ஆறு பையும் சேர்த்து நசுக்கி, செடிக்குக் குறைந்தது 300 மகரந்தம் எண்ணுங்கள்.

நான்கு வகையாகப் பிரியுங்கள். சாயமேறாமல் சுருங்கிக் கோணியது இளமையிலேயே செத்தது. சாயமேறாமல் உருண்டையாக இருப்பது அதற்குப் பிந்தி, மாவு சேரும் முன் நின்றது. அரைகுறையாகக் கருத்தது மாவு நிரம்பும்போது தடைபட்டது. முழுக் கருநீலம் முதிர்ந்தது. எந்த வகை மிகுந்திருக்கிறது என்பது, பழுது எந்த நாளில் நடந்தது என்பதற்கான காலக் குறிப்பு. ஒட்டும் அரிசி வகைகளில் மகரந்தம் கருநீலமாகாது, செம்பழுப்பாகத்தான் மாறும். அதை மலடென்று எண்ணிவிட வேண்டாம்.

அளவையும் கவனியுங்கள். கன அளவு இரட்டித்தால் விட்டம் சுமார் 1.26 மடங்காகும். தாயில் 40 மைக்ரான் என்றால் நான்மடியத்தில் 50 மைக்ரான் வரும். ஒரே ஸ்லைடில் பெரிதும் சிறிதுமாக அளவு சிதறியிருந்தால், கருத்திருந்தாலும் குரோமோசோம் எண்ணிக்கை ஒழுங்காக இல்லை என்று பொருள். அயோடின் மாவைத்தான் காட்டுகிறது, உயிரை அல்ல. 23 குரோமோசோம் உள்ள மகரந்தமும் மாவு நிரம்பிக் கருப்பாக நிற்கும். அதனால்தான் 'மகரந்தம் நன்றாக இருக்கிறது, மணி ஏன் பிடிக்கவில்லை' என்ற புலம்பல் அடிக்கடி எழுகிறது.

முளைப்புச் சோதனை இன்னும் நேர்மையானது, ஆனால் வேகம் வேண்டும். நெல் மகரந்தம் பையை விட்டு வந்த சில நிமிடங்களிலேயே உயிர் இழக்கும். 20 சதவீதச் சர்க்கரை, 10 சதவீத பாலிஎத்திலீன் கிளைக்கால் 4000, லிட்டருக்கு 40 மில்லிகிராம் போரிக் அமிலம், 3 மில்லிமோலார் கால்சியம் நைட்ரேட், லிட்டருக்கு 3 மில்லிகிராம் தயமின் கலந்த ஊடகத்தை ஸ்லைடில் தயாராக வைத்துக்கொண்டு, வயலோரத்திலேயே பூ திறக்கும் நேரத்தில் தட்டிவிடுங்கள். ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ச் செய்தால் தாயின் மகரந்தமும் முளைக்காது.

குற்றம் ஆணிலா, பெண்ணிலா

சூலகப் பையும் மியோசிஸ் வழியாகத்தான் உருவாகிறது, அதுவும் இதே போல் இடறும். கண்டறியக் கலப்புச் சோதனை போதும். மாலையில், மறுநாள் திறக்க வேண்டிய பூக்களின் உமி நுனியில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து ஆறு பையையும் நீக்கி, பட்டர் பேப்பர் உறை போடுங்கள். மறுநாள் காலை 9.30-க்கும் 11.30-க்கும் இடையில், நன்றாக மணி பிடிக்கும் வேறொரு நான்மடியத்தின் மகரந்தத்தைத் தூவுங்கள். மணி கூடினால் பெண் பக்கம் நலம். கூடவில்லை என்றால் சூலகமும் கெட்டது. இதன் மகரந்தத்தை அந்த நல்ல செடியிலும் போட்டுப் பாருங்கள்.

மகரந்தம் கொடுக்க இருமடியத்தைப் பயன்படுத்தவே கூடாது. முளைசூழ்தசையில் (விதைக்குள் கருவுக்கு உணவாகும் மாவுப் பகுதியில்) தாய்ப் பங்கும் தந்தைப் பங்கும் 2-க்கு 1 இருக்க வேண்டும். நான்மடியப் பெண்ணில் இருமடிய மகரந்தம் சேர்ந்தால் 4-க்கு 1 ஆகி மணி சுருங்கிப்போகும். பக்கத்துத் தாய்ப் பாத்தியிலிருந்து காற்றில் வரும் மகரந்தமும் இதையே செய்யும். அதனால் கணக்கெடுக்கும் கதிருக்கு உறை போடுங்கள். உறைக்குள் வெப்பம் கூடி மணி குறையும் என்பதால் தாய்க் கதிருக்கும் அதே உறை போட வேண்டும்.

பூத்த ஏழாம் நாள் சில உமியைப் பிரித்துப் பார்ப்பது மிகச் சிறிய வேலை, மிகப் பெரிய தகவல். சூலகம் பூத்த நாளில் இருந்த அளவிலேயே இருந்தால் கருவுறவே இல்லை. நீண்டு வளர்ந்து பாதியில் வாடியிருந்தால் கருவுற்றது, பிறகு நின்றது. முதலாவதற்கு மகரந்தத்தையும் சூலகத்தையும் தேடுங்கள். இரண்டாவதற்கு முளைசூழ்தசை, சத்து, பூச்சி.

மலடு போலத் தெரியும் வேறு பதர்கள்

கதிர் நாவாய்ப் பூச்சி பால் உறிஞ்சினால் உமியில் துளையிட்ட இடம் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். தண்டுத் துளைப்பான் தந்த வெண்கதிர், இழுத்தால் கையோடு வந்துவிடும். கழுத்துக் குலைநோயில் கதிர்க் கழுத்து கறுத்திருக்கும். இந்தக் கதிர்கள் எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் நல்ல மகரந்தம் இருந்தும் பை சரியாகத் திறக்காது. அந்த வாரம் 5 சென்டிமீட்டர் நீர் நிறுத்துங்கள், வெப்பமானியைக் கதிர் உயரத்தில் கட்டுங்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலோர மண்ணில் மண் கரைசலின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். உப்பும் மகரந்தத்தைக் கெடுக்கும். மண் பரிசோதனை செய்யாமல் அங்கே சோதனைப் பாத்தி போட வேண்டாம். போரான் தெளித்தால் சரியாகிவிடும் என்ற ஆலோசனை அடிக்கடி வரும். மண்ணில் போரான் குறைவென்றால் தெளிக்கலாம். வழிதவறிய குரோமோசோமை எந்தத் தெளிப்பும் திருத்தாது.

தேர்வு

ஒரே வகையை இரட்டித்து, அதிலேயே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் முன்னேற்றம் மெல்லத்தான் வரும். நான்மடிய நெல் பற்றிய முதல் அறிக்கை ஜப்பானில் 1933-இல் வந்தது. கோல்கிசின் முறை 1937-இல் வந்தது. அதன்பின் நெடுங்காலம் பதர்தான் தடையாக நின்றது. திருப்பம் வந்தது, தூரத்து உறவுள்ள வகைகளைச் சேர்க்கும் பரந்த கலப்பிலிருந்து. வூஹானின் ஹூபேய் பல்கலைக்கழகத்தில் மியோசிஸ் நிலைத்த பிஎம்இஎஸ் வரிசைகளும், குவாங்சோவின் தென்சீன வேளாண் பல்கலைக்கழகத்தில் நியோ-டெட்ராப்ளாய்டு (புதிய நான்மடிய) வரிசைகளும் உருவாயின. இவற்றில் மணி பிடிப்பு சாதாரண நெல்லை நெருங்குகிறது. அதனால் நன்கு ஒத்துப்போகும் இரு வகைகளின் கலப்பை நான்மடிய நிலையில் கொண்டுவந்து, அதன் பிள்ளைகளில் தேடுவதையே பரிந்துரைக்கிறோம்.

ஆனால் நெல்லின் இரு பெரும் பிரிவுகளான இண்டிகாவையும் ஜப்பானிகாவையும் சேர்த்தால் வேறொரு மலட்டுத்தன்மை உள்ளே வரும். 6-ஆம் குரோமோசோமிலுள்ள எஸ்5 என்ற மரபணு இடம் சூலகப் பையையும், முறையே 1, 5, 3-இல் உள்ள எஸ்ஏ, எஸ்பி, எஸ்சி என்ற இடங்கள் மகரந்தத்தையும் தாக்கும். நான்மடியத்தில் இவை ஒன்றோடொன்று சேர்ந்து சேதம் கூடுகிறது. துலார் போன்ற, இரு பிரிவோடும் ஒத்துப்போகும் நெல்லை ஒரு பெற்றோராகச் சேர்த்தால் எஸ்5 தொல்லை தணியும்.

பிள்ளைகளின் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். இருமடியத்தில் ஒடுங்கிய பண்பு நான்கில் ஒன்றில் வெளிப்படும். 11 செடி வைத்தால் 95 சதவீத உறுதியோடு ஒன்றாவது கிடைக்கும். நான்மடியத்தில் நான்கு பிரதியில் இரண்டு ஓங்கியதும் இரண்டு ஒடுங்கியதுமாகக் கலந்த செடியிலிருந்து அது 36-இல் ஒன்று. அதே உறுதிக்கு 107 செடி வேண்டும். 30 செடி நட்டுவிட்டு 'பண்பு கிடைக்கவில்லை' என்று கைவிட்டவர்களின் கலப்பு பெரும்பாலும் நல்ல கலப்பாகவே இருந்திருக்கும்.

பருவத்தில் வேலை இந்த வரிசையில் நடக்கட்டும். தொண்டைக்கதிரில் எல்லாச் செடியிலும் ஒரு தூரை அறுத்து டெட்ராட் கணக்கு. சிறு உட்கரு மிகுந்த செடிகளைப் பூக்கும் முன்பே பாத்தியிலிருந்து பிடுங்கிவிடுங்கள், அவற்றின் மகரந்தம் மற்றவற்றில் விழக்கூடாது. மீந்தவற்றில் அயோடின், ஏழாம் நாள் உமிப் பிரிப்பு. பூத்த 30 நாள் கழித்து, ஒவ்வொரு செடியின் முதன்மைத் தூரின் கதிரில் நிறைமணி, கருக்காய், பதர் மூன்றையும் தனித்தனியே எண்ணுங்கள். நான்மடியத்தில் மணி முற்றத் தாமதமாகும் என்பதால் தாயோடு சேர்த்து அறுத்தால் கருக்காய்க் கணக்கு பொய்யாகக் கூடும். கதிர் கதிராகப் பிரித்த விதையை எண் எழுதிய துணிப்பையில் நிழலில் உலர்த்தி, அடுத்த நவரைக்கு வேர் நுனியில் மறுபடி 48 எண்ணிய பிறகே நாற்றங்காலில் விடுங்கள்.